சேகு காக்கா கொடுக்காத பாஸ்வேர்டு

கமுதி பக்கம் எங்கள் ஊரில், மிளகாய் காயப்போட்ட களத்தில் அய்யாவோடு நின்றுகொண்டிருந்தபோது என் செல்போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. தெரியாத எண். நான் திருப்பி அழைக்கவில்லை. "தெரியாத நம்பருல இருந்து ஒரு மணி வந்து நின்னுச்சுன்னா சும்மா இரு. வேண்டியவனா இருந்தா மறுபடி அடிப்பான்" என்பது என் கடை முதலாளி, ஊருக்கே அண்ணனான சேகு காக்காவின் சட்டம். சற்று நேரத்தில் மறுபடி அடித்தது. எடுத்தேன். காக்காவின் மைத்துனர் பேசினார். "தங்கச்சி, மச்சான் மவுத்தாப் போயிட்டாக. முத தடவ அடிச்சப்ப பேச்சு வரல, அதான் வச்சுட்டேன்."

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாராம். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் இரண்டு பஸ் மாறிப் பெரியபட்டினம் போய்ச் சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. காக்காவின் மனைவி ஹபீபா மச்சி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் வாய்விட்டு அழுதேன். எட்டு வருடம் ஒரே கடையில் அவரோடு வேலை பார்த்தவள் நான். அவரோடு போட்ட சண்டைகளை எழுதினால் இந்த நினைவு மலர் முழுவதும் போதாது.

துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "நல்ல மனுசன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னாரு. அந்த பாஸ்வேர்டு விசயத்துல அவரே ஏமாந்து போயிட்டாரு, பாவம்." ஒருவர் சொல்ல, மற்றவர் தலையை ஆட்டினார். இன்னொருவர், "இங்கிலீசு தெரியாதவருல்ல, வேற என்ன செய்வாரு" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். சேகு காக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த பாஸ்வேர்டைக் கொடுத்தவர் அவர் இல்லை. நான்தான் கொடுத்தேன். மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தில் கேட்டபோது உடனே சரி என்றதற்கு அதுதான் காரணம்.

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்னால் இருந்து தொடங்குகிறேன். பெரியபட்டினத்துக் கடைத்தெருவில் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் சேகு காக்கா. பிறகு நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு அதையே பிரவுசிங் சென்டர் ஆக்கினார். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை ஆபரேட்டராகச் சேர்த்துக்கொண்டார். அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியும், ஆஃப் செய்யத் தெரியும், அவ்வளவுதான். முதல் நாளே சொன்னார்: "ஏம்மா முத்து, பொட்டிய நீ பாத்துக்க. ஆள நான் பாத்துக்கிறேன்." கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

பெரியபட்டினத்தில் வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டில் இருந்தார். அவர்களுடைய மனைவிமார்களில் முக்கால்வாசிப் பேருக்கு இ-மெயில் கிடையாது. அதனால் கடைக்கென்று ஒரே ஒரு மெயில் வைத்திருந்தோம். அங்கிருந்து மாப்பிள்ளைமார் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அதற்கு அனுப்புவார்கள், மேலே வீட்டுப் பெயரைப் போட்டு. நான் அதைத் தமிழில் அடித்து, பிரிண்ட் எடுத்து, மடித்து, கவரில் போட்டு ஒட்டிக் கொடுப்பேன். பெண்கள் வந்து பதிலை என் காதுக்குள் சொல்வார்கள். காக்கா ஒரு கடிதத்தைக்கூடப் படித்ததில்லை. கவர் ஒட்டவில்லை என்றால் மட்டும் கோபம் வரும். "படிக்க வேண்டியவ படிக்கட்டும். ஒட்டு" என்பார். அந்த ஒரு மெயிலுக்குள் அரபு நாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் முகவரியும் இருந்தது. அதன் பாஸ்வேர்டு எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அவருக்கு அதை அடிக்கத் தெரியாது.

ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாரே, அதை எப்படிச் செய்தார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஏ.டி.எம். கார்டு ஊருக்குள் வந்த புதிதில் ஒரு பெண் கார்டின் உறையிலேயே பேனாவால் ரகசிய எண்ணை எழுதி வைத்திருந்தாள். காக்கா அதைப் பார்த்துவிட்டார். "இந்த நம்பரு அல்லாவுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்கு எதுக்குமா?" என்றார். அவள் தயங்கி, "எம் மாமியாளுக்குத் தெரியணுமே காக்கா" என்றாள். காக்கா தலையைச் சொறிந்துகொண்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "அவுகளுக்கும் வேணாம்" என்றார். அன்றைக்கு முழுக்க நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

செல்போன் பழுதானால் எங்கள் கடையில்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். சனிக்கிழமை ராமநாதபுரத்துக்கு நாங்கள் அனுப்பி வைப்போம். வாங்கியதும் காக்கா செய்யும் முதல் வேலை பின்மூடியைக் கழற்றி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, காலித் தீப்பெட்டியில் போட்டு, கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது. அதற்காகவே தீப்பெட்டிகள் சேர்த்து வைத்திருந்தார். "எதுக்கு காக்கா இந்த வேல? அங்கன உள்ளவன் நல்ல பயதானே" என்று ஒருமுறை கேட்டேன். "அவன் நல்லவனாவே இருக்கட்டும். செல்லுக்குத்தான் சீக்கு, கல்யாணப் போட்டோவுக்கு என்ன சீக்கு? அத எதுக்கு ஆசுபத்திரிக்கு அனுப்பணும்?" என்றார். அப்புறம் நான் கேட்கவில்லை.

ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் கையில் ஒரு தாளோடு வந்தார். அவருடைய மெயிலுக்கு வெளிநாட்டு லாட்டரியில் முதல் பரிசு விழுந்திருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. அதை லேமினேட் செய்ய வேண்டுமாம். நான் வாயைத் திறக்கப் போனேன். காக்கா கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, ஸ்டூலைத் தள்ளிப் போட்டு அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்தார். "சார், சீட்டு எங்கன வாங்குனீக?" என்று கேட்டார். "நான் வாங்கலப்பா" என்றார் அவர். "அப்ப வல போடாமலே மீனு படகுக்குள்ள குதிச்சிருச்சாக்கும்" என்றார் காக்கா. ஆசிரியர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் போனதும் காக்கா என்னைத் திட்டினார். "நீ சொல்லியிருந்தா, இங்கிலீசுல ரெண்டு வார்த்தையப் போட்டு அந்த மனுசன மட்டந்தட்டி இருப்ப. ஏமாந்தவனுக்குப் பணம் போனதவிட வெக்கந்தான் பெருசு. அந்த வெக்கத்துலதான் கள்ளன் பொழைக்கிறான்."

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் வியக்கவில்லை. இளவயதில் சவூதியில் இருந்து வந்தவர், உலகம் பார்த்தவர் என்று ஊருக்கே தெரியும். 'சவூதி சேகு' என்றுதான் பெரியவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். சவூதியில் எந்த ஊர் என்று நான் கேட்டால் மட்டும், "எல்லா ஊரும் மணலுதாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். காக்கா தொழுகைக்குப் போயிருந்தார். கடை மெயிலுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. மெயில் கம்பெனியே எழுதியது போல, அவர்களுடைய படத்தோடு இருந்தது. உங்கள் கணக்கை இருபத்துநான்கு மணி நேரத்தில் மூடப்போகிறோம், தொடர வேண்டுமானால் இங்கே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உறுதிசெய்யுங்கள் என்று எழுதியிருந்தது. ஊருக்கே ஒரு மெயில். அது மூடிப்போனால் என்ன ஆவது? நான் பதறிப்போய் அடித்துக் கொடுத்தேன். "அவசரப்படுத்துறவன் எவனா இருந்தாலும் கள்ளந்தான்" என்று காக்கா ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவள், கம்ப்யூட்டர் படித்தவள், எனக்கா தெரியாது என்ற திமிர் எனக்கு. அந்தத் திமிருக்குச் செருப்படி விழுந்தது.

சாயங்காலம் கடை மெயிலைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் காக்காவிடம் சொல்லவில்லை. விடிந்தால் எப்படியாவது நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். விசயம் வெளியே தெரிந்தால் அய்யா காதுக்குப் போகும். "போதும், வீட்டுக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் வேறு. காக்கா டீ வாங்கிக்கொடுத்தார். அது ஆறிக் கிடந்தது. "வாரேன் காக்கா" என்று சொல்லிவிட்டு நான் தங்கியிருந்த விடுதிக்குப் போய்விட்டேன்.

அன்று இரவே எங்கள் மெயிலில் இருந்து அரபு நாட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே கடிதம், யார் எழுதியது என்ற பெயர் இல்லாமல், போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே ஆபரேஷன், போன் வேலை செய்யவில்லை, இந்தப் பெயருக்குப் பணம் அனுப்பு என்று இங்கிலீஷில். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்துச் சிரித்துவிட்டார்கள். எங்கள் கடையில் கடிதம் வாங்கும் ரஹ்மத்தின் மாப்பிள்ளையும் போன் போட்டிருக்கிறார், சார்ஜாவில் இருந்து. ரஹ்மத் அப்போது எட்டு மாதக் கர்ப்பம். வயிற்றுப்பிள்ளைக்காரி பக்கத்தில் செல்போன் இருக்கக் கூடாது என்று மாமியார் அதை அடுப்படி அலமாரியில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் மாமியாரும் மருமகளும் ஸ்கேன் எடுக்க ராமநாதபுரம் போய்விட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எடுக்க ஆளில்லை. அறையில் கூட இருந்த மலையாளி கடிதத்தைப் படித்து, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அவசரம் என்று சொல்லியிருக்கிறார். எட்டு மாதக் கர்ப்பிணி மனைவி போனை எடுக்கவில்லை என்றால் மாப்பிள்ளை வேறு என்னதான் நினைப்பார்? பிள்ளை பிறக்கும்போது ஊரில் இருக்க வேண்டும் என்று விமான டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, துபாயில் இருந்து ஒருவர் கடைக்குப் போன் போட்டு, "என்ன காக்கா, நீங்க ஆசுபத்திரியிலயா?" என்று கேட்டபோதுதான் காக்காவுக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டே பாஸ்வேர்டு கொடுத்ததைச் சொன்னேன். "எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டார். "இப்பத்தான் காக்கா" என்றேன். பொய். அவர் என்னையே பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஜமாஅத் தலைவர் வீட்டுக்குக் கிளம்பினார். "அழாத. கடையத் தொறந்து வையி. எவன் போன் பண்ணாலும் உண்மையச் சொல்லு" என்றார்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. நான் கடையில் தனியாக இருந்தேன். கடைத்தெரு முழுக்க அந்தக் குரல் கேட்டது. "நம்ம கட மெயில கள்ளன் எடுத்துட்டான். அதுல வாரது எதையும் நம்பாதீக. வீட்டுக்குப் போனதும் மொத வேலையா உங்க ஆளுகளுக்குப் போன் போட்டு, பணம் அனுப்ப வேணாமுன்னு சொல்லுங்க. தப்பு என்னுது" என்றார். என் பெயர் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை.

அதோடு அவர் நிறுத்தவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். "இன்னொண்ணும் சொல்லணும். நான் சவூதிக்குப் போனதில்ல. பம்பாய் வரைக்குந்தான் போனேன். ஏஜெண்டு குடுத்த விசா பொய். ஏழு மாசம் அங்கன ஒரு ரூமுல கெடந்தேன். ஏமாந்துட்டேன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, பம்பாயிலயே சென்டும் சோப்பும் டார்ச்சு லைட்டும் வாங்கிக்கிட்டு, சவூதியில இருந்து வாரேன்னு வந்து எறங்குனேன். அதப் பாத்துட்டு நம்ம ஊரு ஆளுக நாலு பேரு அதே ஏஜெண்டுகிட்டப் போனாக. நான் அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா அவுக நாலு பேரும் தப்பிச்சிருப்பாக. அதான் இந்தத் தடவ அன்னைக்கே சொல்றேன். யாராச்சும் பணம் அனுப்பியிருந்தா மறைக்காம வந்து சொல்லுங்க. என்னையவிட ஏமாந்தவன் இந்த ஊருல இல்ல."

எங்கள் பக்கம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. போனவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. பெட்டி கனமாக இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பெட்டியைத்தான் அவர் அன்று ஊர் நடுவில் திறந்து காட்டினார். 'சவூதி மாப்பிள்ளை' என்று நம்பித்தானே பெண் கொடுத்தார்கள், ஹபீபா மச்சி என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மச்சி மீன் அரிந்துகொண்டிருந்தார். "எனக்குக் கல்யாணமான ரெண்டாம் மாசமே தெரியும்" என்றார். "பொட்டிக்கு அடியில பம்பாய்க் கட ரசீது கெடந்துச்சு. இவுகளே எப்பச் சொல்லுறாகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இருவத்தஞ்சு வருசம் ஆயிருச்சு." காக்கா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்றைக்கு அவர் சொன்னதால் பணம் அனுப்பப் போன ஆறேழு பேர் பாதி வழியில் நின்றார்கள். ரஹ்மத் ஸ்கேன் முடிந்து வந்து போன் போட்டபோது அவள் மாப்பிள்ளை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். டிக்கெட்டுக்கு நான் தருகிறேன் என்று காக்கா அவள் வீட்டுக்குப் போனார், கதவு திறக்கவில்லை. பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. வாப்பா வரவில்லை. அதற்குப் பிறகு ரஹ்மத் எங்கள் கடைப் பக்கமே வருவதில்லை.

ஒரு வாரம் கழித்து நான் வேலையை விட்டு நிற்கிறேன் என்றேன். காக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வியாழக்கெழம சாயந்தரம் நீ டீ குடிக்கல. என்னமோ நடந்திருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். கேக்காம விட்டேன். தப்பு என்னுதுன்னு நான் சும்மா சொல்லல." அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒரு ராத்திரி மறைத்ததும் தெரியும், மறைத்ததைப் பற்றிப் பொய் சொன்னதும் தெரியும். "ஒன் பேர நான் சொல்ல மாட்டேன். அது ஒன் வேல. எப்பச் சொல்லணுமுன்னு தோணுதோ அப்பச் சொல்லு" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. நான் கோழை. ஊர் அவரைப் பார்த்து, "என்ன காக்கா, பாஸ்வேர்டு பத்திரமா?" என்று கேலி செய்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்துக்கொண்டே, "இப்பப் பத்திரமா இருக்குது தம்பி" என்பார். அவர் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இனி எத்தனை அழுதாலும் அது தீராது.

இது வரை எழுதியதும், அச்சுக்குக் கொடுக்கும் முன்பு ரஹ்மத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும், அன்றே சொல்லியிருந்தால் உன் மாப்பிள்ளை அனுப்பியிருக்க மாட்டார் என்பதையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுக தெருவுல எதுக்க வந்தா எனக்கு சலாம் சொல்லுவாக" என்றாள். "ஒவ்வொரு தடவையும் சொல்லுவாக. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன். சலாமுக்குப் பதில் சொல்லாமப் போகக் கூடாது, முத்து. எத்தன தடவ போனேன். ஒனக்காகவா நான் அவுககிட்ட அப்படி நடந்துக்கிட்டேன்?"

பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே, காக்காவை அடக்கம் செய்த கபர்ஸ்தான் இருக்கும் திசையைப் பார்த்து, "வ அலைக்கும் ஸலாம், காக்கா" என்றாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னாள். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் அவள் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

சேகு காக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஏமாந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், பெயரோடு சொல்ல வேண்டும். அன்றைக்கே என்பதை நான் தவறவிட்டுவிட்டேன். பெயரையாவது கீழே போடுகிறேன்.

ரா. முத்துலட்சுமி
கம்ப்யூட்டர் ஆபரேட்டர், சேகு காக்கா கடை
பெரியபட்டினம்